பி.காம். முடித்தவர் மென்பொருள் பொறியாளர் ஆக முடியுமா? வழிகளும் வடிகட்டிகளும்

"எந்த டிகிரி என்றாலும் ஐடி வேலை உறுதி" என்று பயிற்சி நிலையங்கள் விளம்பரம் செய்கின்றன. செய்தியைத் திறந்தால் ஐடி நிறுவனங்களில் ஆட்குறைப்பு, நிரலை ஏஐ எழுதிவிடுகிறது என்று வருகிறது. இரண்டையும் ஒரே நாளில் படிக்கும் பி.காம்., பி.ஏ., பி.எஸ்சி. மாணவர்களும் அவர்கள் வீட்டாரும் எதை நம்புவது என்று தெரியாமல் தவிக்கிறார்கள்.

கணினிப் படிப்பு படிக்காதவர் மென்பொருள் பொறியாளர் ஆகலாம். ஆகிக்கொண்டும் இருக்கிறார்கள். ஆனால் தடை என்று பலரும் நினைப்பது ஒன்று, உண்மையில் மறிப்பது வேறொன்று. நிரல் எழுதக் கற்பதற்கு உழைப்பு வேண்டும், அந்த உழைப்பு நம் கையில் இருக்கிறது. முதல் வேலைக்கான வடிகட்டலைத் தாண்டுவதும், தாண்டிய பிறகு எந்த வகை வேலையில் போய் உட்காருகிறோம் என்பதும்தான் பாதையைத் தீர்மானிக்கின்றன. அதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## "ஐடி வேலை" என்ற ஒரே பெயருக்குள் நான்கு வேலைகள்

வீட்டில் "பையன் ஐடியில் இருக்கான்" என்று சொல்வதற்குள் குறைந்தது நான்கு வேறு வேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன. இவற்றைப் பிரித்துப் பார்க்காததால்தான் பாதிக் குழப்பம்.

1. பிபிஓ அல்லது பிபிஎஸ். வெளிநாட்டு நிறுவனத்தின் கணக்கு, சம்பளப் பட்டியல், காப்பீட்டுக் கோரிக்கை முதலியவற்றை இங்கிருந்து முடித்துத் தருவது. பெரிய நிறுவனங்கள் பி.காம். பட்டதாரிகளை நேரடியாக எடுப்பது பெரும்பாலும் இந்தப் பிரிவுக்குத்தான். நிறுவனத்தின் பெயர் ஐடியாக இருந்தாலும் இங்கே மென்பொருள் உருவாக்கும் வேலை இல்லை.

2. சப்போர்ட். ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில் சிக்கல் வந்தால் கவனிப்பது. எல்1 என்றால் எழுதி வைத்த குறிப்பைப் பார்த்து அதன்படி செய்வது. எல்2 என்றால் மென்பொருள் தன் செயல்களைப் பதிந்து வைக்கும் லாக் கோப்புகளைப் படித்து, தரவுத்தளத்தில் தேடிக் காரணம் கண்டுபிடிப்பது. எல்3 என்றால் நிரலையே திருத்துவது.

3. டெஸ்டிங். மென்பொருள் சொன்னபடி வேலை செய்கிறதா என்று சோதிப்பது. கையால் சோதித்தால் மேனுவல், சோதிக்கவே நிரல் எழுதினால் ஆட்டோமேஷன்.

4. டெவலப்மென்ட். மென்பொருளை எழுதுவது, மாற்றுவது, பராமரிப்பது. மென்பொருள் பொறியாளர் என்று சொல்லும்போது பலர் மனத்தில் இருப்பது இதுதான்.

நிறுவனங்களிலும் வகை உண்டு. பிறருக்காக மென்பொருள் செய்து தருபவை சர்வீஸ் நிறுவனங்கள். சொந்தமாக ஒன்றை உருவாக்கி விற்பவை புராடக்ட் நிறுவனங்கள். வெளிநாட்டு வங்கியோ கார் நிறுவனமோ தன் வேலைக்காகச் சென்னையிலும் கோவையிலும் தானே திறக்கும் அலுவலகத்துக்கு ஜிசிசி என்று பெயர். சர்வீஸ் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் ஆள் எடுப்பதால் அவற்றின் விதிகள் இறுக்கமானவை. சிறிய புராடக்ட் நிறுவனங்கள் ஒன்றிரண்டு பேரை எடுக்கும்போது பட்டத்தைவிட வேலையைத்தான் பார்க்கின்றன.

## பொறியியல் பட்டம் கட்டாயமானது எப்படி?

நிரலெழுதுதல் பொறியாளர்களின் தனிச்சொத்தாகத் தொடங்கவில்லை. அமெரிக்காவில் 1946ல் பொதுமக்கள் பார்வைக்கு வந்த எனியாக் கணினிக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அவர்களில் பெட்டி ஸ்னைடர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தவர். மார்லின் வெஸ்காஃப் சமூகவியல் பாடங்களும் ஆங்கிலமும் படித்தவர். அந்தக் கணினிக்குக் கையேடு என்று ஒன்று இல்லை. மின்சுற்று வரைபடங்களைப் பார்த்துத் தாங்களாகவே கற்றுக்கொண்டார்கள். பெட்டி ஸ்னைடர் பிறகு கோபால் (COBOL) என்ற நிரல்மொழியின் உருவாக்கத்திலும் பங்கு பெற்றார். வங்கிகளில் இன்றும் அந்த மொழி ஓடிக்கொண்டிருக்கிறது. "மென்பொருள் பொறியியல்" என்ற பெயரே 1968ல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ ஆதரவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான் பரவலானது. தொழில் முதலில் வந்தது, படிப்பு பின்னால் வந்தது.

அப்படியானால் நம் ஊரில் பி.இ. எப்படிக் கட்டாயம் போல ஆனது? மூன்று காரணங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன.

1. எண்ணிக்கை. ஒரு நிறுவனம் ஒரே ஆண்டில் பல ஆயிரம் பேரை எடுக்கும்போது ஒவ்வொருவரையும் ஆழமாகச் சோதிக்க முடியாது. பட்டமும் மதிப்பெண்ணும் மலிவான வடிகட்டி.

2. கணிதம். பொறியியல் படித்தவருக்கு அடிப்படைக் கணிதம் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கணினி தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட எதிர்பார்ப்பு அல்ல. சிவில், மெக்கானிக்கல் படித்தவர்களைத்தான் கூட்டம் கூட்டமாக எடுத்து, மைசூரு போன்ற இடங்களில் பயிற்சி வளாகம் கட்டி, மாதக்கணக்கில் நிரலெழுதக் கற்றுக்கொடுத்தார்கள். பாலம் கட்டப் படித்தவர் ஜாவா என்ற நிரல்மொழியைக் கற்க முடியுமென்றால், கணக்குப் பதிவியல் படித்தவர் கற்க முடியாது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஏதும் இல்லை.

3. விசா. அமெரிக்காவின் எச்-1பி விசாவுக்கு அந்நாட்டு நான்காண்டு இளநிலைப் பட்டம் அல்லது அதற்கு ஈடான தகுதி வேண்டும். நம்முடைய மூன்றாண்டுப் பட்டத்தை அவர்கள் பெரும்பாலும் மூன்றாண்டுப் படிப்பாகவே கணக்கிடுகிறார்கள். குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் மூன்றாண்டு வேலை அனுபவத்தைக் காட்டி ஈடுசெய்யலாம் என்று விதி இருக்கிறது. ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பிச் சம்பாதிக்கும் நிறுவனத்துக்கு நான்காண்டுப் பட்டம் படித்தவர் என்றால் இந்தத் தொல்லையே இல்லை.

மூன்றாவது காரணத்தை மாணவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. மேல்படிப்பு தேவையா என்ற கேள்விக்கு விடை இதில் பாதி இருக்கிறது. உள்ளூரில் வேலை பார்ப்பதே எண்ணம் என்றால் மூன்றாண்டுப் பட்டம் நீண்ட காலத் தடை அல்ல. வெளிநாட்டுக்குப் போவது திட்டத்தில் இருந்தால் முதுநிலைப் பட்டம் ஒன்றை எப்போதாவது முடித்துக்கொள்வது காரியத்தை எளிதாக்கும்.

## வடிகட்டியில் என்னென்ன பார்க்கிறார்கள்

பெரிய நிறுவனங்களின் அறிவிப்புகளில் திரும்பத் திரும்ப வருபவை இவை: பத்தாவது, பிளஸ் டூ, பட்டம் மூன்றிலும் 60%, அரியர் இருக்கக் கூடாது, படிப்பில் இடைவெளி அதிகம் இருக்கக் கூடாது, இந்த ஆண்டு அல்லது போன ஆண்டு முடித்தவராக இருக்க வேண்டும். இத்துடன் ஏற்கும் பட்டங்களின் பட்டியலும் இருக்கும். பி.எஸ்சி., பி.சி.ஏ.வை ஏற்கும் பல திட்டங்களில் பி.காம்., பி.ஏ. இருக்காது.

விண்ணப்பம் அனுப்பிப் பதிலே வராதவர்கள் தங்களுக்குத் திறமை இல்லை என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். பல சமயம் அந்த ரெஸ்யூமேவை ஒரு மனிதர் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்; பட்டத்தின் பெயரைக் கண்டதும் கணினியே தள்ளியிருக்கும். அந்த இடத்தில் இன்னும் நூறு விண்ணப்பம் அனுப்புவதால் பயன் இல்லை. வேறு வாசலைத் தேட வேண்டும்.

இரண்டாவது வேலைக்குப் போகும்போது நிலைமை மாறிவிடுகிறது. இரண்டு மூன்று ஆண்டு டெவலப்பராக இருந்தவரிடம் என்ன எழுதினீர்கள், எப்படி வடிவமைத்தீர்கள், எது உடைந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். பட்டம் ரெஸ்யூமேவின் கடைசி வரிக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே முதல் வேலையின் சம்பளத்தைவிட அதன் வகைதான் முக்கியம். சர்வீஸ் நிறுவனங்களில் புதியவர்களுக்கான ஆண்டுச் சம்பளம் பத்தாண்டுக்கும் மேலாக 3 முதல் 4 லட்சம் ரூபாய் என்ற அளவைச் சுற்றியே நிற்கிறது. முதல் வேலையில் ஐம்பதாயிரம் கூடுவதும் குறைவதும் பெரிய விஷயமல்ல. உண்மையான நிரலில் கை வைக்கிறோமா என்பதுதான் விஷயம்.

## உள்ளே போகும் வாசல்கள்

1. எம்.சி.ஏ. பி.காம்., பி.ஏ. படித்தவர்களும் சேரலாம். பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும் என்று பொதுவாக எதிர்பார்க்கிறார்கள். 2020–21 கல்வியாண்டு முதல் இது இரண்டாண்டுப் படிப்பு. தமிழ்நாட்டில் டான்செட் தேர்வு எழுதிச் சேர்கிறார்கள். கேம்பஸ் இன்டர்வியூ கிடைக்கும், ஐந்தாண்டுக் கல்வி ஆகிவிடும், விசாக் கணக்கும் நேராகிவிடும். நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தால் இதுவே பாதுகாப்பான வழி.

2. சென்னை ஐஐடியின் இணையவழி பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்பு 2020ல் அறிவிக்கப்பட்டது. ஜேஇஇ தேவையில்லை. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவரும் சில வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுதி உள்ளே போகலாம். அடிப்படை நிலை, டிப்ளமோ, பி.எஸ்சி., பி.எஸ். என்று படிகள் உண்டு. முடிந்த படியில் சான்றிதழோடு வெளியே வரலாம். வேறு பட்டம் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். பாடம் இணையத்தில் என்றாலும் முக்கியத் தேர்வுகளை மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். சேருவது எளிது, தாக்குப்பிடிப்பது கடினம். கணிதமும் புள்ளியியலும் முதல் நாளிலிருந்தே வரும்.

3. நிறுவனங்களின் சொந்தப் பயிற்சித் திட்டங்கள். ஸோஹோ 2005 முதல் நடத்தும் பள்ளியில் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைச் சேர்த்து, கட்டணம் வாங்காமல் மாதந்தோறும் உதவித்தொகையும் கொடுத்து இரண்டாண்டு பயிற்றுவிக்கிறார்கள். சென்னையில் மட்டுமல்ல, தென்காசியிலும் நடக்கிறது. எச்சிஎல் நிறுவனத்தின் டெக்பீ, பிளஸ் டூவில் கணிதம் அல்லது வணிகக் கணிதம் படித்தவர்களுக்கு. விப்ரோவின் வில்ப் திட்டம் பி.சி.ஏ., பி.எஸ்சி. முடித்தவர்களை எடுத்து, வேலையோடு எம்.டெக். படிக்க வைக்கிறது. இவற்றில் பல பிளஸ் டூ முடித்தவுடன் திறப்பவை, பட்டம் முடித்த பிறகு மூடிவிடுபவை. வீட்டில் தம்பி, தங்கை பிளஸ் டூ படித்தால் இந்தத் தகவல் இப்போதே அவர்கள் கைக்குப் போக வேண்டும்.

4. உள்ளேயிருந்து நகர்வது. இதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறார்கள், பி.காம். படித்தவர்களுக்கு இதுதான் அதிகம் பொருந்துகிறது. பிபிஓவில் இன்வாய்ஸ் சரிபார்க்கும் ஒருவர் தினமும் அதே எக்செல் கோப்பைத் திறந்து அதே நெடுவரிசையை நகலெடுக்கிறார். அதை எக்செல்லே தானாகச் செய்ய மேக்ரோ என்ற சிறு நிரலை எழுதுகிறார். இரண்டு மணி நேர வேலை பத்து நிமிடத்தில் முடிகிறது. அடுத்த மேசைக்காரர் தனக்கும் கேட்கிறார். பிறகு மேலாளர் கேட்கிறார். மேக்ரோவுக்கு அடங்காத வேலை வரும்போது பைத்தான் என்ற நிரல்மொழி, தரவு பெருகும்போது தரவுத்தளத்தில் தேட உதவும் எஸ்க்யூஎல். ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் ஆட்டோமேஷன் குழுவில் இடம் காலியாகிறது. நிறுவனத்துக்குள்ளேயே விண்ணப்பிக்கும் ஐஜேபி முறையில் கேட்கிறார். பட்ட வடிகட்டி அங்கேயும் சில சமயம் குறுக்கே வரும். ஆனால் இவர் எழுதியது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, பரிந்துரைக்கவும் ஆள் இருக்கிறார்.

5. சிறு நிறுவனங்களும் கணக்கு மென்பொருளும். திருப்பூரிலும் கோவையிலும் ஈரோட்டிலும் ஏற்றுமதி நிறுவனங்களுக்கும் கடைகளுக்கும் பில்லிங், ஸ்டாக், நிறுவனத்தின் எல்லா வேலையையும் ஒன்றாக இணைக்கும் ஈஆர்பி மென்பொருள் செய்து தரும் சிறிய நிறுவனங்கள் இருக்கின்றன. டேலி என்ற கணக்கு மென்பொருளை வாடிக்கையாளருக்கு ஏற்ப மாற்ற டிடிஎல் என்ற தனி மொழியே உண்டு. டெபிட், கிரெடிட் தெரிந்தவருக்கு அந்த மொழியின் பாதி ஏற்கெனவே புரிந்த மாதிரிதான். சம்பளம் குறைவு, வேலை நேரம் அதிகம். ஆனால் வாடிக்கையாளரிடம் பேசுவதிலிருந்து நிறுவித் தருவது வரை முழு வேலையையும் ஒருவரே பார்க்கக் கிடைக்கும் இடம் அது.

## எதைக் கற்க வேண்டும்: கணக்குப் பதிவிலிருந்து இரண்டு எடுத்துக்காட்டு

பயிற்சி நிலையங்களின் பாடத்திட்டம் பெரும்பாலும் கருவிகளின் பட்டியலாக இருக்கும்: ஜாவா, ஸ்பிரிங், ரியாக்ட், ஏடபிள்யூஎஸ். கருவிகள் வேண்டியவைதான். நேர்முகத் தேர்வில் விழுவது பெரும்பாலும் அதற்கு அடியில் இருக்கும் அடிப்படைகளில். அந்த அடிப்படை என்ன என்பதை வணிகவியல் படித்தவருக்குத் தெரிந்த இடத்திலிருந்தே காட்டலாம்.

முதலாவது, எண்ணைக் கணினி எப்படி வைத்திருக்கிறது. பைத்தானில் 0.1 + 0.2 என்று கொடுத்தால் 0.30000000000000004 என்று வரும். மொழியில் தவறு இல்லை. பத்தின் அடிமானத்தில் மூன்றில் ஒரு பங்கை எப்படி முடிவில்லாமல் எழுத வேண்டியிருக்கிறதோ, அப்படியே இரண்டின் அடிமானத்தில் 0.1 முடிவதே இல்லை. எங்கேயோ ஓர் இடத்தில் வெட்டித்தான் சேமிக்க வேண்டும். ஆகவே பணத்தை, இப்படி வெட்டிச் சேமிக்கும் ஃப்ளோட் வகையில் வைப்பதில்லை. பைசாவாக மாற்றி முழு எண்ணாகவோ, பத்தின் அடிமானத்திலேயே சேமிக்கும் டெசிமல் வகையிலோ வைக்கிறார்கள்.

அதோடு நிற்கவில்லை. 99.95 ரூபாய்ப் பொருளுக்கு 18% ஜிஎஸ்டி என்று வையுங்கள். மொத்தமாகக் கணக்கிட்டால் 17.991, அதாவது 17.99. மத்திய வரி 9%, மாநில வரி 9% என்று தனித்தனியே கணக்கிட்டால் ஒவ்வொன்றும் 8.9955, சுற்றினால் 9.00, கூட்டினால் 18.00. ஒரே பில்லில் ஒரு பைசா வித்தியாசம். இது நிரலாளர் பார்வையில் பிழையாகவே தெரியாது. நிரல் சொன்னபடிதான் ஓடுகிறது. மாதக் கடைசியில் பல்லாயிரம் பில்களின் கூட்டுத்தொகை கணக்கோடு பொருந்தாமல் போகும்போது, எங்கே சுற்றியிருக்கிறார்கள் என்று முதலில் கேட்பவர் கணக்குப் படித்தவராகத்தான் இருப்பார்.

இரண்டாவது, தேடும் முறை. வங்கிச் சரிகட்டல் எல்லா பி.காம். மாணவரும் செய்தது. வங்கி அறிக்கையில் 50,000 வரிகள், நம் பேரேட்டில் 50,000 வரிகள். ஒவ்வொரு வங்கி வரிக்கும் பேரேட்டை மேலிருந்து கீழே தேடினால் ஒப்பீடுகளின் எண்ணிக்கை 250 கோடி வரை போகும். பேரேட்டு வரிகளை முதலில் யுடிஆர் எண்ணை (ஒவ்வொரு வங்கிப் பரிமாற்றத்துக்கும் உள்ள தனி எண்) திறவுகோலாக வைத்து, அதைக் கொண்டு நேரடியாக எடுக்கக்கூடிய ஒரு டிக்‌ஷனரியில் போட்டுவிட்டுப் பிறகு தேடினால் ஏறத்தாழ ஒரு லட்சம் செயல்களில் முடிந்துவிடும். கணினி அறிவியலில் தரவுக் கட்டமைப்பு என்றும் ஹேஷ்மேப் என்றும் படிப்பது இதைத்தான். ஒரே நாளில் ஒரே தொகைக்கு இரண்டு காசோலை வந்தால்? யுடிஆர் எண் விடுபட்டிருந்தால்? பின்தேதியிட்ட காசோலை இருந்தால்? இந்தக் கேள்விகள் பாடப்புத்தக நிரலாளருக்குத் தோன்றாது. கணக்கு எழுதிய கைக்குத் தானாக வரும்.

பழைய படிப்பை மறைத்து வைக்கச் சொல்லும் அறிவுரையை ஏற்கவே கூடாது. வங்கி, காப்பீடு, மருத்துவமனை, சரக்குப் போக்குவரத்து என்று எல்லா மென்பொருளும் ஏதோ ஒரு தொழிலுக்காகத்தான் எழுதப்படுகிறது. அந்தத் தொழில் தெரிந்த டெவலப்பர் கிடைப்பது அரிது.

கற்க வேண்டிய வரிசை என்று கேட்டால் என் பரிந்துரை:

1. ஒரே ஒரு மொழி, பைத்தான் அல்லது ஜாவா. ஆறு மாதத்துக்குள் மொழி மாற்றக் கூடாது.
2. எஸ்க்யூஎல். மேலோட்டமாக அல்ல, ஜாயின், குரூப் பை, இண்டெக்ஸ் வரை. கணக்குப் பின்னணி உள்ளவர்கள் இதில் வேகமாக முன்னேறுகிறார்கள்.
3. தரவுக் கட்டமைப்பும் அல்காரிதமும். நேர்முகத் தேர்வின் முதல் சுற்று பெரும்பாலும் இதிலேயே.
4. நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட், லினக்ஸ் கட்டளைகள், இணையத்தில் ஒரு கோரிக்கை எப்படிப் போய் வருகிறது என்ற அறிவு.
5. பிறகு வேண்டிய ஃபிரேம்வொர்க், அதாவது ஸ்பிரிங், ரியாக்ட் போன்ற ஆயத்தக் கட்டமைப்பு.

பாடம் இலவசமாகவே கிடைக்கிறது. ஐஐடிக்களும் ஐஐஎஸ்சியும் நடத்தும் என்பிடெல், ஹார்வர்டின் சிஎஸ்50 இரண்டும் போதிய ஆழம் உள்ளவை. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஆங்கிலம் ஓர் அச்சம். பேச்சு ஆங்கிலம் பின்னால் வரட்டும். முதலில் வேண்டியது வாசிப்பு ஆங்கிலம். பிழைச் செய்தியைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பதும், மொழியின் அதிகாரபூர்வ ஆவணத்தைப் படிப்பதும் பழகிவிட்டால் அங்கே வரும் சொற்கள் சில நூறுதான்.

காலம் எவ்வளவு? வேறு வேலை பார்த்துக்கொண்டே தினமும் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் ஒன்று முதல் இரண்டு ஆண்டு என்று வைத்துக்கொள்வது நியாயமான கணக்கு. மூன்று மாதம் என்று சொல்பவர் பாடத்தை முடிக்கும் காலத்தைச் சொல்கிறார், கற்கும் காலத்தைச் சொல்லவில்லை.

## உள்ளே போன பிறகு

புதிதாகச் சேர்ந்தவரிடம் முழு மென்பொருளை எழுதச் சொல்ல மாட்டார்கள். பல லட்சம் வரி உள்ள பழைய நிரலில் ஒரு சிறு டிக்கெட், அதாவது வேலைக் குறிப்பு, கொடுப்பார்கள்: இந்தத் திரையில் தேதி தவறாகத் தெரிகிறது, சரிசெய்யுங்கள். திருத்தம் இரண்டு வரியாக இருக்கும். அந்த இரண்டு வரி எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆகும். பிறர் எழுதிய நிரலைப் படிப்பதுதான் முதலாண்டு வேலையின் பெரும்பகுதி. இதைப் பயிற்சி நிலையங்கள் சொல்லிக்கொடுப்பதில்லை. வீட்டிலிருந்தே பழகலாம்: நிரல் யாரும் பார்க்கும்படி திறந்திருக்கும் ஏதாவது ஒரு திறமூல மென்பொருளை எடுத்து, ஒரு பொத்தானை அழுத்தினால் எந்தக் கோப்பிலிருந்து எந்தக் கோப்புக்குப் போகிறது என்று தாளில் எழுதிப் பார்க்கலாம்.

எழுதியதை மூத்தவர் ஒருவர் வரி வரியாகப் பார்த்துக் கருத்துச் சொல்வதற்குக் கோட் ரிவ்யூ என்று பெயர். கல்லூரியில் நான்காண்டு கணினி படித்தவருக்கும் படிக்காதவருக்கும் உள்ள இடைவெளியை இதுதான் வேகமாக மூடுகிறது. வேலைக்குச் சேரும் முன் நேர்முகத் தேர்விலேயே "உங்கள் குழுவில் கோட் ரிவ்யூ உண்டா?" என்று கேட்கலாம். கேட்பது தவறல்ல.

பலர் தேங்குவது எல்1 சப்போர்ட்டிலும் மேனுவல் டெஸ்டிங்கிலும். இவை தாழ்ந்த வேலைகள் அல்ல, ஆனால் நிரல் எழுத விரும்புபவரைத் தாமாக டெவலப்மென்ட்டில் கொண்டுசேர்ப்பவையும் அல்ல. மூன்றாண்டு ஒரே குறிப்பைப் பார்த்து ஒரே வேலையைச் செய்தவரின் ரெஸ்யூமேவில் மூன்றாண்டு அனுபவம் இருக்கும், டெவலப்பர் தேர்வில் அது உதவாது. ஓராண்டு முடியும்போது பார்க்க வேண்டியது: இந்த ஆண்டு நான் எழுதிய ஏதாவது நிரல் உண்மையான பயன்பாட்டில் ஓடுகிறதா? இல்லை என்றால் சோதனைகளை ஆட்டோமேஷனுக்கு மாற்றும் வேலையைக் கேட்டு வாங்குவது, எல்2க்கு நகர்வது, அல்லது வெளியேறுவது பற்றி யோசிக்கும் நேரம் வந்துவிட்டது.

## ஏமாற்றும் இடங்கள்

1. போலி அனுபவம். "மூன்றாண்டு எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தருகிறோம்" என்று பணம் வாங்கும் கன்சல்டன்சிகள் உண்டு. 2014 முதல் வருங்கால வைப்பு நிதியில் ஒருவருக்கு ஒரே யுஏஎன் எண். யார், எந்த மாதம், எந்த நிறுவனத்தில் இருந்தார் என்பது அதில் பதிவாகிறது. பின்னணிச் சரிபார்ப்பில் அதைக் கேட்கிறார்கள். சேர்ந்து ஓராண்டுக்குப் பிறகும் வேலை போகும், கறுப்புப் பட்டியலிலும் பெயர் ஏறும். பி.காம். படித்தவர் என்று நேராகச் சொல்லிக் கிடைக்காத வேலையைவிட இது பல மடங்கு பெரிய இழப்பு.

2. வேலைக்கு முன்பணம். வேலை தருவதற்காகப் பணம் கேட்கும் இடம் வேலை தரும் இடம் அல்ல. பயிற்சிக் கட்டணம் வேறு. அங்கேயும் "வேலை உறுதி" என்ற சொல் ரசீதிலோ ஒப்பந்தத்திலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

3. பாண்ட். குறிப்பிட்ட காலம் வேலை செய்ய வேண்டும், விட்டுப் போனால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதையே தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அதைக் காட்டி "பாண்ட் எதுவும் செல்லாது" என்று சொல்வது தவறான அறிவுரை. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்றாண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. தொகையும் காலமும் நியாயமானவையா என்பதுதான் கேள்வி. கையெழுத்துக்கு முன் படியுங்கள். அசல் சான்றிதழ்களைக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

## ஏஐ வந்த பிறகு இந்தப் பாதை மிச்சமிருக்கிறதா?

நிரல் எழுதித் தரும் ஏஐ கருவியான கிட்ஹப் கோபைலட் 2022 ஜூனிலும் சாட்ஜிபிடி அதே ஆண்டு நவம்பரிலும் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தன. படிவம் ஒன்றை உருவாக்குவது, ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, சோதனை நிரல் எழுதுவது ஆகியவற்றை அவை சில நொடிகளில் செய்கின்றன. புதியவர்கள் கை பழகியதே இந்த வேலைகளில்தான். ஆகவே கவலைக்கு இடம் இருக்கிறது, மறுக்க வேண்டியதில்லை. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் பணியாளரில் ஏறக்குறைய 2%, சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது பெரும்பாலும் நடு, மேல் நிலைகளில்தான் குறைப்பு என்று சொன்னது. புதியவர்கள் மட்டும்தான் பாதிக்கப்படுகிறார்கள் என்பதும் சரியல்ல, அனுபவம் இருந்தால் போதும் என்பதும் சரியல்ல.

கணினிப் படிப்பு இல்லாதவருக்கு இதனால் இரண்டு மாற்றங்கள்.

முதலாவது பாதகம். தொடரியல், அதாவது நிரல்மொழியின் இலக்கணம், மட்டும் கற்றுக்கொண்டு, இணையத்திலிருந்து எடுத்து ஒட்டி முதல் வேலையைத் தக்கவைக்கும் காலம் முடிந்துவிட்டது. அடிப்படை தெரியாதவர் ஏஐ கொடுத்ததைச் சரியா தவறா என்று சொல்ல முடியாது. சொல்ல முடியாதவருக்கு நிறுவனம் எதற்குச் சம்பளம் கொடுக்கும்?

இரண்டாவது சாதகம். மேலே பார்த்த ஜிஎஸ்டி கணக்கை ஏஐயிடம் எழுதச் சொன்னால் ஓடக்கூடிய நிரலைக் கொடுத்துவிடும். வரியை எந்த இடத்தில் சுற்ற வேண்டும், ரிட்டர்ன் வந்த சரக்குக்குக் கிரெடிட் நோட் போட்டால் வரி எப்படித் திரும்பும் என்பதைக் கேட்பவர்தான் சொல்ல வேண்டும். எதைக் கேட்பது என்று தெரிந்தவரின் மதிப்பு கூடியிருக்கிறது.

எனவே இப்போது தொடங்குபவர் ஏஐ கருவியை ஒதுக்கவும் வேண்டாம், அதன்மேல் சாயவும் வேண்டாம். முதல் ஆறு மாதம் நிரலைத் தானே எழுதிவிட்டு, பிறகு அதே வேலையை ஏஐயிடம் கொடுத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி. காட்டுவதற்கு ஒரு புராஜெக்ட் செய்யும்போது இணையத்தில் ஆயிரம் பேர் செய்து வைத்திருக்கும் டு-டூ பட்டியல் வேண்டாம். தெருக்கோடி மளிகைக் கடையின் பற்று வரவு, அம்மாவின் சுயஉதவிக் குழுவின் கடன் தவணை, ஊர்ச் சங்கத்தின் சந்தாக் கணக்கு என்று ஏதாவது ஒன்றை எடுத்து, அவர்கள் உண்மையிலேயே மூன்று மாதம் பயன்படுத்தும் வரை கொண்டுபோங்கள். அந்த மூன்று மாதத்தில் அவர்கள் என்ன குறை சொன்னார்கள், எதை மாற்றினீர்கள், எந்தத் தரவு தொலைந்தது, எப்படி மீட்டீர்கள் என்பதைத் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நேர்முகத் தேர்வில் "பி.காம். படித்துவிட்டு ஏன் இங்கே?" என்று கேட்கும்போது எடுத்துப் பேச வேண்டியது அந்தக் குறிப்புகளைத்தான்.